ஆயிரத்து இருநூறு பாய்

வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஐந்து மீட்டர் என்றால், வரைபடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது தரையில் ஐந்து சதுர மீட்டர். இப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நம்பியிருந்தால் காதைத் திருகி விட்டிருப்பார்கள், தீர்ந்திருக்கும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணமாகிவிட்டது. மீசைக்கு எண்ணெய் தடவிச் சீவுகிற அளவுக்கு என்னைப் பற்றி எனக்கே மரியாதை இருந்தது. இதையெல்லாம்விடக் கேவலம், நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கு ‘மீட்டர் தெரிந்தவன்’ என்று பெயர்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் விட்டுப்போன பதிவேடுகளில் எல்லாமே மீட்டர், ஆர், எக்தார். புதிதாக வந்த அதிகாரியோ சென்னைப் பக்கத்துக்காரர். அடியிலும் ஏக்கரிலும் சென்ட்டிலும் வளர்ந்தவர். பழைய வரைபடம் ஒன்று மேசைக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்கு வந்த தந்தியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார். நான் அளவுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவேன். “ஒரு ஆர் என்றால் நூறு சதுர மீட்டர் சார். உங்க கணக்குல ரெண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்” என்பேன். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவே நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. வைத்திக்குப்பத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைப் பற்றி. பெயரை எழுதப்போவதில்லை. இருந்திருந்தால் அவரே, “எம் பேர எதுக்கு எழுதற? எத்தினி பாயின்னு எழுது” என்று சொல்லியிருப்பார்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. உலகத்தில் உள்ள எந்த இடத்தையும் பாயால் அளந்துவிடத் தெரியும். குப்பத்துப் பெண்கள் நெத்திலி உலர்த்துகிற பனையோலைப் பாய் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். கண்ணை ஒருமுறை ஓட்டினால் போதும், அந்த இடத்தில் எத்தனை பாய் விரியும் என்று சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் பந்தல் போட்டு முடித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, “நாப்பது பாயி. பாய்க்கு மூணு எல. ஒரு பந்திக்கு நூத்தியிருவது பேரு. நூத்தியிருவத்தி ஒண்ணாவது ஆளு மாப்பிள்ளையா இருந்தாலும் நிக்கட்டும்” என்பார். அப்படியே இருக்கும்.

ஒருமுறை கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியில் பாய் கொண்டுவந்தார். ஆறடிக்கு மூன்றடிப் பாய். பார்வைக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது. இந்த அம்மாள் தன் பாயை எடுத்து அதன் மேல் போட்டார். நீளத்தில் எட்டு ஒன்பது விரல்கடை, அகலத்தில் நாலு விரல்கடை குறைந்தது.

“எட்டு வெரலுக்கா இந்தப் பேச்சு? விடும்மா” என்றார் வண்டிக்காரர்.

“எட்டு வெரலு நீட்டுல போச்சு. நாலு வெரலு அகலத்துல போச்சு. ரெண்டும் சேந்து எங்க போச்சு தெரியுமா? ஆறு பாய்க்கு ஒரு பாயி கடல்ல போச்சு. நீ ஆறு குடுத்தா அது எனக்கு அஞ்சுய்யா.”

இந்தக் கதை என் காதுக்கு வந்தபோது சிரித்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆறடிக்கு மூன்றடி ஆறு பாய் பத்து சதுர மீட்டர். அவருடைய பாய் ஐந்தும் பத்து சதுர மீட்டர். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தற்செயலாகச் சரியாக வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வீட்டுக்காரர் பல வருஷமாகப் படுத்த படுக்கை. கட்டுமரத்தை அலை தூக்கிப் போட்டதில் இடுப்பு போய்விட்டது. யாராவது விசாரித்தால் அந்த அம்மாள், “அவருக்கின்னா, ஒரு பாய்க்கு நெரந்தரமா பட்டா வாங்கிட்டாரு” என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. கேட்பவருக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

குப்பத்துப் பெண்கள் கருவாடு உலர்த்திவந்த மணல்திட்டில் ஒரு கிடங்கு கட்ட முடிவாயிற்று. அதற்குப் பதில், கொஞ்சம் வடக்கே தள்ளி அதே அளவு இடம் தருவதாக ஏற்பாடு. “அதே அளவுன்னா எவ்வளவு?” என்று அதிகாரி கேட்டார். நான் பழைய வரைபடத்தை விரித்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர் கட்டம். தொண்ணூற்றாறு சதுர சென்டிமீட்டர். ஐந்தால் பெருக்கினேன்.

“நானூத்தி எண்பது சதுர மீட்டர் சார். உங்க கணக்குல பன்னிரண்டு சென்ட்.”

தலையாட்டினார். இடத்துக்குப் போய் யாரும் நாடா பிடிக்கவில்லை. மீட்டர் தெரிந்தவன் இருக்கும்போது நாடா எதற்கு? வடக்கே இருபத்துநாலு மீட்டருக்கு இருபது மீட்டர் அளந்து நான்கு மூலையிலும் கல் நட்டார்கள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் இரண்டு பெண்களோடு என் அறைக்கு வந்தார். அவருக்கு முன்னால் கருவாட்டு வாசனை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் அலுவலகத்தில் எங்களை அவர் பிரெஞ்சு மரியாதையோடு ‘முசே’ என்றுதான் கூப்பிட்டார்.

“முசே, கல்லு நட்டுட்டீங்களே, அது எத்தினி பாயி?”

“பாய்க்கணக்கெல்லாம் இங்க இல்லம்மா. நானூத்தி எண்பது சதுர மீட்டர்.”

“அத்த பாயில சொல்லுங்க.”

இரண்டால் வகுத்தேன். “இருநூத்தி நாப்பது.”

“நாங்க விரிக்கறது ஆயிரத்தி எரநூறு.”

நான் ஒரு புன்னகை செய்தேன். இன்று நினைத்தால் அந்தப் புன்னகையைத் தேடிப் பிடித்து அறையலாம் போலிருக்கிறது. “எண்ணிப் பாத்தீங்களா?” என்றேன்.

“எண்ணாம? நாப்பது வூடு. வூட்டுக்கு முப்பது பாயி.” என் அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். “இந்த ரூமு பன்னெண்டு பாயி. மேசையையும் உங்களையும் எடுத்து வெளிய வச்சா. இதுல நீங்க ஒருத்தரு குந்தியிருக்கீங்க. நீங்க குடுத்த எடத்துல எங்களுக்கு வூட்டுக்கு ஆறு பாயி. உங்க ரூமுல பாதி. முப்பது பாய் மீன ஆறு பாயில போட்டா காயுமா, அழுவுமா? நீங்களே சொல்லுங்க.”

கூட வந்த பெண்களில் ஒருத்தி, “அக்கா, அவுரு வூட்ல கருவாடு திங்கறவரு, காயவச்சிருக்க மாட்டாரு” என்றாள்.

“வெள்ளிக்கிழம அதிகாரி வந்து இடத்த ஒப்படைப்பார். அவர்கிட்ட சொல்லுங்க” என்றேன், பேனாவை மூடி.

வாசல் வரை போனவர் திரும்பினார். “தரையப் பாருங்க முசே. காயிதத்தயே பாத்துக்கினு இருக்காதீங்க.”

அவர் போன பிறகு, அந்த வார்த்தைக்கு மரியாதை தருவதற்காக இல்லை, பேனா மூடி கீழே விழுந்ததால் தரையைப் பார்த்தேன். சிவப்புச் சதுரக் கற்கள் பதித்த தரை. ஒரு கல் இருபது சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு ஐந்து கல். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு... குனிந்தபடியே எண்ணினேன். இந்தப் பக்கம் ஐந்து. அந்தப் பக்கம் ஐந்து. உள்ளே இருந்ததோ இருபத்தைந்து.

மறுபடி எண்ணினேன். கற்கள் குறையவில்லை. இருபத்தைந்து.

அப்படியென்றால் தொண்ணூற்றாறை ஐந்தால் இல்லை, இருபத்தைந்தால் பெருக்க வேண்டும். இரண்டாயிரத்து நானூறு. ஆயிரத்து இருநூறு பாய். அவர் சொன்னதில் ஒரு பாய்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என் வீரத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் கூஜாத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். பிறகு வரைபடத்தை எடுத்து, கட்டம் சுருங்கியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓடிப் போய்விடலாமா என்று காரைக்காலில் இருக்கும் சித்தப்பா ஞாபகத்துக்கு வந்தார். எட்டு வருஷமாக அவருக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. மதியம் பிள்ளையாரிடம் போய் வேண்டிக்கொண்டேன். வழியில் மாதா கோவில் இருந்தது. அங்கேயும் உள்ளே போய் மண்டியிட்டேன். இரண்டு பேரில் யாருக்காவது பரப்பளவு தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. அதிகாரியிடம் போய், “சார், தப்பு செஞ்சுட்டேன்” என்று சொல்லும் யோசனை மட்டும் வரவில்லை. நாற்பது வீட்டுச் சோறும் என் நினைப்பில் வரவில்லை. வந்ததெல்லாம் அந்தத் தலையாட்டல் போய்விடுமே என்பதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வைத்திக்குப்பத்துக்குப் போனேன். அந்த அம்மாள் குந்திக்கொண்டு பாய்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் ‘இல்லம்மா’ என்று பேசியவனுக்கு அங்கே தானாகவே ‘அக்கா’ வந்தது.

“அக்கா, கணக்குல ஒரு சின்னப் பெசகு.”

“சின்னதா?”

“பெருசுதான். நாளைக்கு ஒரே ஒரு உதவி. அதிகாரி வரும்போது இருநூத்தி நாப்பது பாய் மட்டும் கொண்டுவாங்க. மீதிய வீட்டுல வச்சிருங்க. அவர் கையெழுத்துப் போட்டுட்டுப் போவட்டும். அப்புறம் நானே சத்தமில்லாம கல்ல தள்ளி நட்டுத் தர்றேன். அஞ்சு பங்கு எடம் வேணும், அவ்வளவுதானே? இருபத்துநாலு மீட்டர் பக்கத்த அஞ்சு பங்கு ஆக்கி நூத்தியிருபது. இருபது மீட்டர் பக்கத்த அஞ்சு பங்கு ஆக்கி நூறு.”

அவர் கையில் இருந்த பாயைக் கீழே வைத்தார். அங்கே நான் முசே இல்லை.

“தம்பி, ஒரு பாய ரெண்டு பக்கமும் அஞ்சு பங்கு இழுத்து முடைஞ்சா ஓல அஞ்சு பங்கா கேக்கும்? இருவத்தஞ்சு பங்கு கேக்கும். நூறு மீட்டரு கெழக்க போனா எங்க நிப்ப தெரியுமா? கடைசிக் கல்ல கட்டுமரத்துல போயித்தான் நடணும்.”

ஒரே தப்பை ஒரே வாரத்தில் இரண்டு முறை செய்தவன் என்ற முறையில் அங்கேயே மணலில் உட்கார்ந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து, “வா” என்றார். “எரநூத்தி நாப்பது வச்சிக்கினு தொள்ளாயிரத்தி அறுவத உள்ள வைக்கணும். அவ்ளோதான? எத எத வைக்கறதுன்னு நீயே எடுத்துக் குடு.”

காய்ந்த பாய்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் நின்றார். “இது புருஷன் கடல்ல போனவ பாயி. முப்பது. எடுக்கலாமா? இது மூணு பொட்டப் புள்ளைங்க வச்சிருக்கறவ. இது நேத்து வந்த மருமவ, அவ மாமியார் பாயையும் சேத்து முடையறா. எடு தம்பி. நீ சொல்ற பாய நான் தூக்கி உள்ள வைக்கறேன்.”

குடிசைக்குள்ளிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கேட்டது. “இன்னாடி, எம் பாய எடுக்க வந்துட்டாரா?”

“அது கணக்குல இல்ல. நீ படு” என்றார் இவர்.

நான் ஒரு பாயையும் காட்டவில்லை. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து அவர், “நாளிக்கி வருவ இல்ல?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தார். நானும் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால். நான்கு கல்லுக்கும் வெளியே நாற்பது வீட்டுப் பெண்கள் தலையில் பாய்க்கட்டோடு நின்றார்கள். ஒருவரும் கூச்சல் போடவில்லை. அந்த அம்மாள் கையைக் காட்டினார். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக உள்ளே வந்து விரித்தார்கள். நீளவாக்கில் பன்னிரண்டு, அகலவாக்கில் இருபது. விளிம்போடு விளிம்பு. எட்டு வீட்டுப் பாயில் இடம் முடிந்துவிட்டது. நடக்க ஓர் அடி இடம் இல்லை.

ஒன்பதாவது பெண் கல்லுக்கு வெளியே நின்றாள். அவளுக்குப் பின்னால் முப்பத்தோரு பெண்கள். யாரும் பாய்க்கட்டை இறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அதிகாரி நான்கு கல்லையும் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, “இவ்வளவு பாயும் மீன் காயவைக்கிறதா? வீட்டுல படுக்கிற பாயெல்லாம் சேத்துக் கொண்டுவந்திருப்பீங்க” என்றார்.

அந்த அம்மாள் ஒன்பதாவது பெண்ணின் தலையிலிருந்து ஒரு பாயை உருவி அவரிடம் நீட்டினார். “மோந்து பாருங்க சார். படுக்கற பாயின்னா மனுஷ வாச அடிக்கும்.”

அதிகாரி மோந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். “யார் போட்ட கணக்கு இது?” என்றார்.

அத்தனை பெண்களுக்கும் தெரியும். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். இதோ, இப்போது விரல் நீளப்போகிறது என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“யாரு போட்டா இன்னா சார்? இப்ப எத்தினின்னு போடுங்க.”

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்கு ஆள் முக்கியமில்லை, பாய் முக்கியம். அந்த நேரத்தில் நான் அவர் கண்ணில் அரைப் பாய்கூட இல்லை.

“நான்தான் சார்” என்றேன். கம்பீரமாகச் சொன்னதாக எழுத ஆசைதான். அளவுகோல் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னேன். அதிகாரிக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும். “ஐந்தால் பெருக்கிட்டேன் சார். இருபத்தைந்தால் பெருக்கணும். இரண்டாயிரத்து நானூறு.”

“உங்களுக்கு மீட்டர் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

“மீட்டர் தெரியும் சார். சதுர மீட்டர்தான் தெரியல.”

வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்தாள். அது அப்படியே முப்பது நாற்பது பேருக்கும் பரவியது. தலையில் பாய்க்கட்டு குலுங்கியது. அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், விரித்த பாய்களின் மேல் பார்வையை வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றே பழைய இடத்தில் நாடா பிடித்தார்கள். அறுபது மீட்டருக்கு நாற்பது மீட்டர். அடுத்த வாரம் வடக்கே அதே அளவுக்குக் கல் நடப்பட்டது. முதலில் நட்ட நான்கு கல்லில் ஒன்றைப் பிடுங்காமல் விட்டுவிட்டார்கள். பெண்கள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டதைப் பிறகு பார்த்திருக்கிறேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வரைபடத்துக்குப் பக்கத்தில் விடவும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் உட்காரவைத்தார்கள். அங்கே ஒன்று ஒன்றாக எண்ணினால் போதும். சதுரம் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் அந்த அம்மாள் அந்த மேசைக்கு வந்தார். கொழுந்தனார் கூட வந்திருந்தார். வீட்டுக்காரர் விடியற்காலையில் போய்விட்டார். நான் பதிவேட்டில் எழுதினேன். இடுகாட்டுக்குக் கொடுக்கும் சீட்டில் குழிக்கான இடத்தையும் குறிக்க வேண்டும். நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் என்று எழுதிக் கொழுந்தனாரிடம் நீட்டினேன். அந்த அம்மாள் கையை நடுவில் வைத்துத் தடுத்தார்.

“எவ்ளோன்னு எழுதின?”

“ரெண்டு சதுர மீட்டர், அக்கா.”

“அது எத்தினி?”

அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

“ஒரு பாய்.”

அவர் தலையாட்டினார். அதிகாரியின் தலையாட்டல் மாதிரி இல்லை அது.

சாயங்காலம் நானும் போனேன். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். அந்த அம்மாளும் அங்கே நின்றார். கக்கத்தில் சுருட்டிய பாய் ஒன்று இருந்தது. அத்தனை வருஷம் அவர் வீட்டுக்காரர் படுத்துக் கிடந்த பாய். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து அதை என் கையில் கொடுத்தார்.

“நீதான எழுதின. வெட்டறதுக்கு முன்ன விரிச்சிப் பாரு. பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு.”

வெட்டியான் மண்வெட்டியால் தரையில் கோடு கிழித்து வைத்திருந்தார். அவரை நிறுத்தச் சொன்னேன். கோட்டுக்குள் பாயை விரித்தேன். நான்கு மூலையிலும் காலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு சுருட்டி எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்ச் சொன்னேன்.

பாய் சரியாகப் பொருந்தியிருந்தது.